தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்: ரூபி டீ வாசித்த ஒலிநூல் எப்படி?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டனின் இந்த நாவலை ஆசையாக வாங்கி, இரண்டாவது அத்தியாயம் தாண்டாமல் அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். கதை கனமானது என்பதால் அல்ல. உரையாடல் முழுக்க ஃபுளோரிடா கறுப்பின மக்களின் பேச்சை அப்படியே எழுத்துக்கூட்டி எழுதியது. ‘ஐ’ என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் ‘ஆ’, ‘தி’ என்பது ‘டெ’, ‘தட்’ என்பது ‘டட்’. பள்ளி ஆங்கிலத்தில் பழகிய கண் ஒவ்வொரு சொல்லிலும் இடறும். காதுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஹார்ப்பர் ஆடியோ வெளியிட்ட, ரூபி டீ வாசித்த ஒலிநூலைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். சுருக்காத முழுப் பிரதி. ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம் ஓடும்.

ஹர்ஸ்டன் மானிடவியல் படித்தவர், மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸின் மாணவி. ஃபுளோரிடாவில் ஊர் ஊராகப் போய் நாட்டார் கதைகளைச் சேகரித்தவர். கறுப்பின மக்களே 1887இல் அமைத்துக்கொண்ட ஈட்டன்வில் நகரில் வளர்ந்தவர். நாவலின் பெரும்பகுதி நடப்பதும் அங்கேதான். ஆக, அந்த உரையாடல்கள் காதில் விழுந்தபடி எழுதியவை. திரும்பக் காதுக்கே வரும்போது பாதிச் சிரமம் போய்விடுகிறது. ஆறாவது அத்தியாயத்தில் கடைத் திண்ணையில் சாமும் லைஜும், நெருப்பைத் தொடாதே என்று குழந்தையைத் தடுப்பது இயற்கையா எச்சரிக்கையா என்று வாதாடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் யார் எதைச் சொன்னார் என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும். ரூபி டீ குரலை மாற்றி மாற்றிப் பேசுவதால் குழப்பமே இல்லை. நாடக மேடையில் பழுத்தவர். இந்த நாவலை வைத்து 2005இல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் நாயகியின் பாட்டி நானியாக நடித்தவரும் இவர்தான்.

புதிதாகக் கேட்பவர்கள் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். முதல் அத்தியாயத்தில் நாயகி ஜேனி ஊர் திரும்புகிறாள். தோழி ஃபீபி மூடிய கிண்ணத்தில் சோறு கொண்டுவந்து கொடுத்துக் கதை கேட்கிறாள். இரண்டாவதில் ஜேனி ‘நான்’ என்று தன் வாயால் தொடங்குகிறாள். கொஞ்ச நேரத்தில் அந்த ‘நான்’ மறைந்து ‘அவள்’ ஆகிவிடும். ஒலிநூலில் ஏதோ விட்டுப்போனதோ என்று பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டாம். சொல்பவள் ஜேனிதான், மொழி மட்டும் கதைசொல்லியுடையது. இனி அவள் தானாகப் பேசும் இடங்களும், பேச விடாத இடங்களும் எவை என்று கவனியுங்கள். நாவலின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அறுபது ஏக்கர் நிலம் இருக்கிறதே என்று பாட்டி கட்டிவைத்த லோகன் கில்லிக்ஸ், ஊருக்கு மேயராகிற ஜோ ஸ்டார்க்ஸ், கடைசியில் டீ கேக் என்று மூன்று திருமணங்கள். ‘மூன்றாவது புருஷனிடம் காதலைக் கண்டாள்’ என்று சுருக்கிச் சொல்லும் விமர்சனங்களை நம்ப வேண்டாம். திருப்பம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஐந்தாவது அத்தியாயத்தில் ஊரார் அவளைப் பேசச் சொன்னதும், என் மனைவிக்கு மேடைப்பேச்செல்லாம் தெரியாது என்று ஜோ முந்திக்கொள்கிறார். ஆறில், அவர் அறைந்த பிறகு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வாழ்வது எப்படி என்று அவளுக்குப் பிடிபடுகிறது. ஏழில், கடையில் எல்லார் முன்னாலும் அவர் ஆண்மையையே குத்திப் பேசிவிடுகிறாள். எட்டில் ஜோ இறந்ததும் கண்ணாடி முன் நின்று, அவர் கட்டச் சொன்ன தலைத்துணியை அவிழ்த்து, கூந்தலைத் தளரவிட்டுப் பார்க்கிறாள். பிறகு மறுபடி கட்டிக்கொண்டுதான் ஜன்னலைத் திறந்து ஊராரைக் கூவி அழைக்கிறாள். ஒன்பதில் அந்தத் துணிகளை எல்லாம் எரித்துவிடுகிறாள். டீ கேக் வருவதோ பத்தாவது அத்தியாயத்தில்! ஐந்து முதல் ஒன்பது வரை ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். நாளுக்கு அரை மணி என்று துண்டு போட்டால் இந்தக் கோர்வை அறுந்துவிடும்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

பதினெட்டாவது அத்தியாயப் புயல், 1928 செப்டம்பரில் ஓக்கிசோபி ஏரிக் கரையை உடைத்த நிஜப் புயல்தான். வெள்ளத்தில் டீ கேக்கை வெறிநாய் கடிக்கிறது. சுமார் ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் தொண்டையில் இறங்க மறுக்கிறது. மருத்துவர் வரும்போது காலம் கடந்துவிட்டது. டீ கேக் துப்பாக்கியைத் தூக்க, ஜேனி சுட வேண்டியதாகிறது. பிறகு நீதிமன்றம். இத்தனை அத்தியாயமாக வாய் திறக்கக் கற்றவள் அங்கே என்ன பேசினாள் என்று கேட்கக் காத்திருந்தால், அவள் சாட்சியம் அவள் சொற்களில் வருவதே இல்லை. கதைசொல்லி சுருக்கிச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆய்வாளர்கள் சிலர் இதை நெடுநாளாகக் குறையென்று சொல்லி வருகிறார்கள். ஒலிநூலில் இந்த மௌனம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. இதைவிட உறுத்துவது பதினேழாவது அத்தியாயம். டீ கேக் தன் உரிமையைக் காட்ட அவளை அடிக்கிறார். ஆண்கள் அவருடைய அதிர்ஷ்டத்தை வியந்து பேசுகிறார்கள். ஜேனி என்ன நினைத்தாள் என்று ஒரு வரி கிடையாது. முழு விடுதலைக் கதை என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

குறை என்றால், கதைசொல்லியின் கவித்துவமான வாக்கியங்கள் காதில் நிற்காமல் ஓடிவிடும். அதற்கு அச்சுப் பிரதியும் பக்கத்தில் வேண்டும், சுமார் 200 பக்கம்தான். முதல் இரண்டு அத்தியாயங்களைப் பிரதியைப் பார்த்தபடி கேளுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம். எழுத்துக்கூட்டல் பழகிய பிறகு கண்ணாலேயே படித்துக்கொண்டு போகலாம், திண்ணைப் பேச்சுக்கும் புயலுக்கும் மட்டும் ஒலிக்குத் திரும்பலாம்.

ஹர்ஸ்டன் 1960இல் காலமானார். ஆகவே இந்தியாவில் காப்புரிமை 2020உடன் முடிந்துவிட்டது, யாரும் மலிவுப் பதிப்பு போடலாம். ஸ்கேன் செய்து எடுத்த பிரதிகளில் விட்ட எழுத்தைக் காட்டும் மேற்கோள் குறிகள் உதிர்ந்துபோகும்; இந்த நாவலில் அவை போனால் உரையாடல் படிக்கவே முடியாது. மாதிரிப் பக்கத்தில் பாட்டியின் பேச்சு ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விராகோ பதிப்பகத்தின் பதிப்பில் நாவலாசிரியர் ஸேடி ஸ்மித்தின் முன்னுரை இருக்கிறது. எந்தப் பதிப்பானாலும் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். முடிவு வரை எல்லாவற்றையும் சொல்லிவிடக்கூடும்.