வால்வு கிட்டார் ஆம்புக்கு மைனஸ் பயாஸ்: எங்கிருந்து எடுப்பது நல்லது?

நெல்லைச் சீமையில் வால்வு ஆம்பு கட்டுகிறவர் பயாஸுக்கு (வால்வு இழுக்கும் கரண்டை அளவாக நிறுத்த, அதன் கட்டுப்பாட்டு முனையான கிரிடை கேத்தோடை விட மைனஸில் வைக்கும் வோல்டேஜ்) வழி தேடும்போது முதலில் நினைக்க வேண்டியது, லைன் வோல்டேஜ் ஏறி இறங்குவதைத்தான். ஊரெல்லாம் கிணற்று மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு அளவு, நடுராத்திரியில் வேறு அளவு, கோயில் கொடையில் ஜெனரேட்டரில் மாட்டினால் இன்னொன்று.

சின்ன ஆம்பு என்றால் கேத்தோடு பயாஸே போதும். இரண்டு 6வி6 வால்வின் கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் பொதுவாக 250 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, அதன் மேல் ஒரு கண்டன்சர். தனி சப்ளையே வேண்டாம். வால்வு கூடுதலாக இழுத்தால் கேத்தோடு வோல்டேஜ் ஏறி, வால்வு தானே அடங்கும். வாக்ஸ் ஏசி30-இல் நான்கு இஎல்84 வால்வும் இப்படித்தான் ஓடுகின்றன. சர்ச் பாடகர் குழுவோடு வாசிக்க இது தாராளம். இதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை என்பேன்.

6எல்6ஜிசி என்ற பெரிய வால்வு போட்டு 40 வாட்டுக்கு மேல் வேண்டும் என்றால் கதை வேறு. கேத்தோடில் நிற்கிற வோல்டேஜ் பிளேட்டுக்கு (வால்வின் பிளஸ் முனைக்கு) கிடைக்காது, ரெசிஸ்டரும் கொதிக்கும். அங்கே கிரிடுக்குத் தனியாக மைனஸ் வோல்டேஜ் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ்தான்; பிளேட்டில் 450 வோல்ட் என்றால் கிரிடுக்கு ஏறக்குறைய மைனஸ் 50 தேவை. கிரிடு ரெசிஸ்டரையும் கவனியுங்கள்: கேத்தோடு பயாஸில் 500 கே (கிலோ ஓம்) வரை அனுமதி, ஃபிக்ஸட் என்றால் 100 கே தான்.

அந்த மைனஸை ஹெச்டி (ஹை டென்ஷன், பிளேட்டுக்கான உயர் வோல்டேஜ்) வைண்டிங்கிலிருந்தே பெரிய ரெசிஸ்டர், டயோடு வழியாக எடுக்கலாம். ஆனால் அந்த வைண்டிங்கின் நடு ஒயர் (சென்டர் டேப்) கிரவுண்டில் இருந்தால்தான் அது நடக்கும். நான்கு டயோடு பிரிட்ஜ் போட்டிருந்தால் நடுவில் ஒரு கண்டன்சர் வேண்டும். அது ஓப்பன் ஆனால் பயாஸே போய்விடும், வால்வு சிவந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றுவதாக இருந்தால், காயில் கட்டுகிறவரிடம் 50 வோல்ட் வைண்டிங் ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்குவதே உத்தமம். டயோடு, கண்டன்சர் போட்டால் 70 வோல்ட் மைனஸ் கிடைக்கும்.

கையில் இருப்பது பழைய டிரான்ஸ்பார்மரா? சின்ன 12-0-12 ஒன்றை வாங்கித் திருப்பி மாட்டுங்கள். இரு முனை 12-க்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் சப்ளை கொடுத்தால், 230 பக்கம் 50, 60 வோல்ட் ஏசி வரும். நடு ஒயரைச் சும்மா விட்டுவிடலாம்.

ஜீனர் டயோடு போட்டு பயாஸை நிலையாக நிறுத்தும் ஆசை சிலருக்கு உண்டு. நம் ஊர் லைனுக்கு அது ஆகாது. லைன் 10 சதவீதம் ஏறும்போது ஹெச்டி ஏறும், பயாஸ் அப்படியே நிற்கும். வால்வு கரண்ட் ஏகத்துக்கும் எகிறும். ஜீனர் இல்லாத பயாஸ் லைனோடு சேர்ந்தே ஏறி, கரண்டை ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும் பிரிசெட்டை (பயாஸை ஏற்றி இறக்கும் சின்ன வேரியபிள் ரெசிஸ்டரை) வோல்டேஜ் எடுக்கும் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போடுங்கள். அதன் உள்முனை தேய்ந்து விட்டுப்போனால் மைனஸ் முழுதாக ஏறி வால்வு அணையும், எரியாது. ஒவ்வொரு கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால், மீட்டரில் 1 மில்லிவோல்ட் என்பது 1 மில்லி ஆம்பியர். 450 வோல்ட்டில் 45 மில்லி ஆம்பியரைத் தாண்டவிடாதீர்கள்.