கரி துடைக்கும் ரப்பர் ஸ்பான்ஜ்: 16 மாதம் கழித்து

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் பெண் இரவு பதினோரு மணிக்கு போன் செய்தாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் பற்றிக்கொண்டதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சுவர் முழுக்கக் கரி. "அக்கா, நீங்க ஒரு ஸ்பான்ஜ் வாங்குனீங்களே, அது நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

கோவையில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. போன வருடம் பிப்ரவரியில் ஏசி பிளக் பாயிண்ட் சூடாகி, திரைச்சீலை பிடித்து, மெத்தைக்குத் தாவியது. எரிந்தது படுக்கையறையின் ஒரு மூலைதான். கதவு திறந்திருந்ததால் புகை சமையலறை வரைக்கும் போய்விட்டது. மறுநாள் பார்த்தால் மேல் மூலைகளில் கறுப்பு ஒட்டடை தொங்குகிறது. பொங்கலுக்கு மூலை முடுக்கெல்லாம் ஒட்டடை அடித்த வீடு அது. அப்புறம்தான் தெரிந்தது, அது சிலந்தி கட்டியதே இல்லை, காற்று அசையாத இடத்தில் கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சரம் சரமாகத் தொங்குவது.

அன்றைக்கு வந்த பெயிண்டர், "ஈரத்துணியில ஒரு இழுப்பு இழுத்தா போயிருமுங்க" என்றார். நானும் சரி என்று விட்டேன். அந்த ஹால் சுவரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மெத்தை எரிந்த கரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், ஈரத்துணியால் இழுத்தால் அப்பிப் பரவி பெயிண்டுக்குள்ளேயே இறங்கிவிடும். கறுப்பாக இருந்த சுவர் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஆனது, அதோடு சரி.

அதன்பிறகு தேடிப்பிடித்து வாங்கியதுதான் இந்த ஸ்பான்ஜ். பாதிச் செங்கல் அளவு, கெட்டியான ரப்பர். தண்ணீரே காட்டக்கூடாது, நனைந்தால் அதற்கு மேல் உதவாது. தேய்க்கவும் கூடாது. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு முந்தினதன் ஓரத்தில் கொஞ்சம் ஏறினாற்போல. பென்சில் எழுத்தை ரப்பர் எடுப்பதுபோல் கரியை எடுக்கிறது. முதல் இழுப்பில் நாலு விரல் அகலத்துக்கு எங்கள் பழைய வெளிர்மஞ்சள் சுவர் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்தபடி அந்த மஞ்சள் பட்டையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடத்துக்காகவே இந்தப் பொருளை நான் மறக்க மாட்டேன். ஒரு பக்கம் கறுத்துவிட்டால் கத்தியால் மெல்லிசாகச் சீவினால் போதும், உள்ளே புதுசு வந்துவிடும். மூன்று அறைக்கு ஆறு ஸ்பான்ஜ் ஆனது. என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள், அந்தத் தூள் அவ்வளவு நைசு.

சமையலறையில் இது எடுபடவில்லை. அங்கே ஏற்கனவே எண்ணெய்ப் புகை படிந்த சுவர், ஸ்பான்ஜ் வழுக்கிக்கொண்டு போனது. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கீழிருந்து மேலாகக் கழுவித்தான் எடுத்தோம். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு கோடாக நின்றுவிடும்.

எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். பாக்கெட்டில் "புகை நாற்றத்தையும் நீக்கும்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நீக்காது. நாற்றம் இருப்பது சுவர் மேலே மட்டும் இல்லை. சுவிட்ச் போர்டுக்குப் பின்னால், லாஃப்டுக்குள், அலமாரியின் பிளைவுட் முதுகில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறது. வெயில் காலத்தில் ஒன்றுமே தெரியாது. ஜூன் சாரல் ஆரம்பித்தால், காற்றில் ஈரம் ஏறினதும், எரிந்த பிளாஸ்டிக் வாடை திரும்ப வந்துவிடும். சுவரில் அதை நிறுத்தியது ஷெல்லாக் பிரைமர்தான், அதாவது அரக்கு. அதை அடிக்காமல் நேரே எமல்ஷன் அடித்தபோது, ஈரத்துணி பட்ட அந்த ஹால் சுவரில் இரண்டு கோட் பெயிண்டையும் தாண்டிப் பழுப்புக் கறை மேலே வந்தது. பிரைமர் அடித்தபிறகு இன்றுவரை வரவில்லை. அலமாரிக்கு இன்னும் வழி தெரியவில்லை.

சுவரிலேயே கண்ணாக இருந்ததில் குழாய்களை விட்டுவிட்டோம். வயர் உறையில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரம் சேர்ந்தால் அது அமிலம். பாத்ரூம் குழாய்களில் மூன்றாம் நாளே புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. அதனால் முதலில் உலோகச் சாமான்களைத் துடையுங்கள். ஃபேன், டிவி, ஏசி எதையும் சுத்தம் செய்து எலக்ட்ரீசியன் பார்க்காமல் போடாதீர்கள்.

கரி எடுக்கும் வேலைக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலரை. ஆனால் நேற்று ராத்திரி மழை, காலையில் என் மகளுடைய யூனிஃபார்மை எடுத்தால் அதே வாடை. அதனால் இன்றைக்கு என்னால் இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. இந்த ஸ்பான்ஜுக்கென்று ஒரு ரப்பர் வாசனை வேறு உண்டு. மேல் தட்டில் இரண்டு புதுசு மீதியிருந்தது, அந்தத் தட்டைத் திறக்கும்போதெல்லாம் அந்த ராத்திரி ஞாபகத்துக்கு வரும்.

ஆபீஸ் பெண் போன் செய்தாளே, அதற்கு மறுநாள் காலையிலேயே அந்த இரண்டையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். "நாத்தம் போயிருமாக்கா?" என்றாள். போகாது என்று சொல்லிவிட்டு, பெயிண்டர் யாரும் வந்து ஈரத்துணியை எடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போ என்று அனுப்பினேன்.