ரயில் பாஸ், மலிவு விமானம், இரவுப் பேருந்து: ஒரு செமஸ்டர் மாணவரின் ஐரோப்பியக் கணக்கு

ஐரோப்பாவுக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் புறப்படும் மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊர் சுற்றிப் பார்க்க, பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான ரயில் பாஸ் வாங்குவதா, மலிவு விமானத்தில் போவதா, இரவுப் பேருந்தே போதுமா என்பதுதான் அது. தென்மேற்கு ஜெர்மனியில், பிரான்சும் சுவிட்சர்லாந்தும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஃப்ரைபுர்க் நகரத்தில் ஒரு குளிர்காலச் செமஸ்டரைக் கழித்து, இந்த மூன்றிலும் மாறி மாறிப் பயணம் செய்த அனுபவத்தில் என் விடையைச் சொல்கிறேன். இரண்டு வார விடுமுறையில் வந்து போகிற சுற்றுலாப் பயணியின் கணக்கு வேறு. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வகுப்புக்கும் தேர்வுக்கும் நடுவே கிடைக்கும் நாட்களில் கிளம்புகிறவரின் கணக்கு வேறு. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான ஒப்பீடுகள் முதல் வகையினருக்காக எழுதப்பட்டவை என்பதால், மாணவர்கள் அவற்றை நம்பிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

முதலில் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்கி மார்ச் இறுதியில் முடிகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நடக்கும். கிறிஸ்துமஸை ஒட்டி ஏறத்தாழ இரண்டு வாரம் விடுமுறை கிடைக்கும். தேர்வுகள் முடிந்த பிறகு மார்ச் மாதம் பெரும்பாலும் நம் கையில் இருக்கும். ஆக, கையில் இருப்பவை ஒரு டஜன் வார இறுதிகள், ஒரு நடுத்தர விடுமுறை, ஒரு நீண்ட விடுமுறை ஆகியவைதான். இனிப் பணத்துக்கு வருவோம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் மாணவர் காட்ட வேண்டிய தொகையை ஜெர்மனி 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்த்தியது. மாதம் 992 யூரோ என்று வரும் அதில் வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக மிஞ்சுவதில்தான் பயணமும் அடங்க வேண்டும்.

மலிவு விமானத்தின் கவர்ச்சி அதன் விலையில் இருக்கிறது. ஒரு வேளை உணவின் விலைக்குப் பார்சிலோனாவுக்குப் போகலாம் என்று திரையில் காட்டும்போது மனம் தடுமாறுவது இயல்பு. ஆனால் அந்த விலையில் இருக்கைக்கு அடியில் நுழையக்கூடிய சிறு பை ஒன்றுக்குத்தான் இடம் உண்டு. குளிர்காலத்தில் தடித்த மேலங்கியும் காலணியும் கம்பளி உடைகளும் வேண்டியிருப்பதால், பெட்டிக்குத் தனிக் கட்டணம் சேர்ந்து விலை இரண்டு மூன்று மடங்காகிவிடும். அடுத்தது விமான நிலையம் இருக்கும் இடம். ‘ஃப்ராங்க்ஃபர்ட்’ என்று பெயர் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்நகரத்திலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸுக்கான பொவே விமான நிலையம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் வரும் பேருந்துக்குக் கொடுக்கும் தொகை, சில வேளைகளில் விமானச் சீட்டின் விலையையே எட்டிவிடும்.

இருந்தாலும் விமானத்தை முற்றாக ஒதுக்க நான் சொல்ல மாட்டேன். ஃப்ரைபுர்க்கிலிருந்து பார்சிலோனா செல்வதையே எடுத்துக்கொள்வோம். சுவிஸ் நகரமான பாசெலின் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், அங்கே காத்திருப்பு இரண்டு மணி நேரம், வானில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, இறங்கி நகருக்குள் நுழைய ஒரு மணி நேரம் என்று கூட்டினால், வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. அதே பயணத்தை ரயிலில் பாரிஸ் வழியாகச் செய்தால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பிரான்சின் அதிவேக ரயில்களுக்கு வேண்டிய முன்பதிவுக் கட்டணமும் தனி. லிஸ்பன், ஏதென்ஸ், சிசிலி போல ஐரோப்பாவின் ஓரங்களில் இருக்கும் ஊர்களுக்கு விமானமே நியாயமான வழி. ஐந்து மணி நேர ரயில் தூரத்துக்குள் இருக்கும் ஊருக்கு விமானம் ஏறுவதோ, நேரத்தையும் பணத்தையும் கணக்கிட்டால், நட்டம்தான். உள்நாட்டிலேயே இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய சில வழித்தடங்களில் விமானங்களை பிரான்ஸ் 2023-இல் தடை செய்ததும், சுற்றுச்சூழல் பார்வையில் எனக்குச் சரியாகவே படுகிறது.

நம் கடவுச்சீட்டோடு பயணம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில மலிவு விமான நிறுவனங்கள், ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்களின் ஆவணங்களைக் கவுன்டரில் சரிபார்த்த பிறகே உள்ளே அனுப்புகின்றன. கைப்பேசியில் பயணச்சீட்டு இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் போய் நிற்க முடியாது. ஜெர்மானிய மாணவர் விசாவோ குடியிருப்பு அனுமதியோ வைத்திருப்பவர் ஒரே விசாவில் பயணிக்க ஒப்பந்தம் செய்துகொண்ட மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து ஷெங்கன் எல்லைக்குள் இருக்கிறது. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து அதற்கு வெளியே இருக்கிறது. டப்ளினுக்கும் லண்டனுக்கும் எவ்வளவு மலிவாக விமானச் சீட்டு கிடைத்தாலும், தனி விசா இல்லாமல் இந்தியர்கள் அவற்றை வாங்கிப் பயனில்லை. இதை அறியாமல் சீட்டு வாங்கிப் பணத்தை இழந்தவர்களை நான் அறிவேன்.

இரவுப் பேருந்தின் கதை வேறு. ரயில்வேயைக் காக்கும் பொருட்டுப் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நெடுந்தூரப் பேருந்துச் சேவையை ஜெர்மனி 2013 ஜனவரியில் திறந்துவிட்டது. இன்று ஐரோப்பா முழுவதும் ஓடும் பச்சை நிற ஃப்ளிக்ஸ்பஸ் வண்டிகளின் தொடக்கமும் அந்த ஆண்டுதான். பெரிய பெட்டி ஒன்றுக்கும் கைப்பைக்கும் சீட்டின் விலையிலேயே இடம் உண்டு. இரவில் பயணம் செய்வதால் விடுதிச் செலவு ஒரு நாள் மிச்சமாகிறது. இரண்டு நாள் முன்னால் வாங்கினாலும் விலை தாங்கக்கூடியதாகவே இருக்கும். மாணவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை என்பது உண்மை. அதற்கு ஈடாக உடம்பு கொடுக்கும் விலையை மட்டும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மிலான் செல்லும் பேருந்துகள் பல, நகரின் மேற்கு ஓரத்தில் லாம்புன்யானோ என்ற இடத்தில் இறக்கிவிடுகின்றன. நான் விடிவதற்கு வெகு முன்பே அங்கே இறங்கினேன். மெட்ரோ நிலையத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. ஒரு கம்பித் தடுப்பில் சாய்ந்து, கையுறையைக் கழற்றாமலேயே ஆறிப்போன சப்பாத்தியைத் தின்றுகொண்டு நின்றேன். விடுதியில் மதியத்துக்குப் பிறகுதான் அறை தருவார்கள் என்பதால், தூக்கம் வழிய வழிய அந்த முழுப் பகலும் ஊரைச் சுற்றியும் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மிச்சமான விடுதிச் செலவைவிட இழந்த அந்தப் பகல் எனக்குப் பெரிதாகப் பட்டது.

எல்லைச் சோதனையும் பேருந்தில்தான் அதிகம் உறைக்கும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. திரும்பி வரும் வழியில் நள்ளிரவு தாண்டி வண்டி நிற்க, உள்விளக்குகள் எல்லாம் எரிய, இரண்டு காவலர்கள் ஒவ்வோர் இருக்கையாகக் கைவிளக்கோடு வந்தார்கள். என் கடவுச்சீட்டையும் குடியிருப்பு அட்டையையும் சேர்த்துப் பிடித்து, படத்தையும் முகத்தையும் ஒரு முறை ஒப்பிட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வரிசை முன்னால் இருந்த மாணவரோ அட்டையை அறையிலேயே விட்டுவிட்டு, கைப்பேசியில் அதன் படத்தை மட்டும் வைத்திருந்தார். அவரை இறக்கி விசாரித்து மறுபடி வண்டிக்கு அனுப்பும்வரை வண்டி அங்கேயே நின்றது. எந்த வாகனத்தில் போனாலும் அசல் ஆவணங்கள் சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும்.

ரயில் பாஸுக்கு வருகிறேன். இன்டர்ரெயில் என்ற பாஸ் 1972-இல், 21 வயது வரையிலான இளைஞர்களுக்காக, 21 நாடுகளில் செல்லும்படி தொடங்கப்பட்டது. இன்று 33 நாடுகளில் செல்லுபடியாகிறது, 27 வயது வரை இளையோர் கட்டணம் உண்டு. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது யூரெயில். இதில் நம் மாணவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். தீர்மானிப்பது குடியுரிமை அன்று, வசிப்பிடம். குடியிருப்பு அனுமதியோடு ஜெர்மனியில் வசிக்கும் இந்திய மாணவருக்கு உரியது இன்டர்ரெயில்தான். ஆனால் வசிக்கும் நாட்டுக்குள் அதைக் கொண்டு வெளியே செல்ல ஒரு நாளும் திரும்பி வர ஒரு நாளும் மட்டுமே பயணிக்கலாம். ஒரு மாதத்துக்குள் நமக்கு விருப்பமான ஏழு நாட்களில் பயணிக்கும் இளையோர் பாஸ் 300 யூரோவை ஒட்டி விற்கிறது. பயண நாள் ஒன்றுக்கு நாற்பது யூரோவுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்தான் முழு ஒப்பீட்டுக்கும் அளவுகோல். ஒரு நாள் பயணத்தின் தனிச்சீட்டு நாற்பது யூரோவுக்கு மேல் போனால் பாஸ் லாபம், குறைந்தால் நட்டம்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பாஸ் எங்கும் ஒரே மாதிரி பயன் தருவதில்லை என்பது தெரியும். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை, ஏறி உட்கார்ந்துவிடலாம். பிரான்சின் டி.ஜி.வி., ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, லண்டன் செல்லும் யூரோஸ்டார் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தும் முன்பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பாஸ்காரர்களுக்கு டி.ஜி.வி.யிலும் யூரோஸ்டாரிலும் ஒதுக்கும் இடங்களும் குறைவு என்பதால், நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரம் அங்கே கிடைக்காது. போலந்து, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளிலும் இத்தாலியின் உள்ளூர் ரயில்களிலும் சீட்டே மலிவு. அங்கே பாஸின் ஒரு நாளைச் செலவழிப்பது பத்து ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய் கொடுப்பதற்குச் சமம்.

பாஸ் தன் விலைக்கு மேல் திருப்பிக் கொடுத்த நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்ச் மாதத்தில் பாசெலிலிருந்து தெற்கே புறப்பட்டபோது, 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் கோட்டார்டு அடிநிலைச் சுரங்கத்தின் வழியே விரைந்து போகும் ரயிலை விட்டுவிட்டு, 1882-இல் திறந்த பழைய மலைப்பாதையில் செல்லும் மெதுவான ரயிலில் ஏறினேன். எர்ஸ்ட்ஃபெல்ட் தாண்டியதும் பாதை மலைக்குள் சுருள் சுருளாக ஏறுகிறது. வாசன் என்ற சிற்றூரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே, வெகு உயரத்தில் தெரிந்தது. சுரங்கத்துக்குள் ஒரு வட்டம் அடித்து வெளியே வந்தபோது அதே தேவாலயம் ஜன்னலுக்கு நேராக நின்றது. மூன்றாவது முறை அது காலுக்குக் கீழே, பனி மூடிய கூரைகளுக்கு நடுவே சிறிதாகக் கிடந்தது. ரயில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தக் கோபுரத்தை வைத்துத்தான் உணர முடிந்தது. அந்தப் பகலில் சுவிட்சர்லாந்தின் குறுக்கே சென்றதற்குத் தனிச்சீட்டு வாங்கியிருந்தால் பாஸின் நாள் விலையைத் தாண்டியிருக்கும். எல்லையில் கியாசோ நிலையத்தில் இறங்கி, மிலானுக்கு இத்தாலிய உள்ளூர் ரயிலில் தனியே சில யூரோ கொடுத்துச் சீட்டு எடுத்துக்கொண்டேன். முன்பு பேருந்தில் இருட்டில் போய்ச் சேர்ந்த அதே மிலானுக்கு, இந்த முறை முழு வெளிச்சத்தில் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். டிசம்பரில் மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் ஊரில் பகல் வெளிச்சம் எவ்வளவு மதிப்புள்ள சரக்கு என்பதைச் செமஸ்டர் முழுவதும் தங்கியவர்கள் அறிவார்கள்.

வார இறுதிகளுக்கோ இந்த மூன்றுமே தேவையில்லை என்பது என் துணிபு. ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாந்து டிக்கெட் 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு வந்தது. பிறகு விலை ஏறிக்கொண்டே போகிறது. பல பல்கலைக்கழகங்களில் அதன் விலையில் 60 விழுக்காட்டுக்கு மாணவர் வடிவம் கிடைக்கிறது. ஐ.சி.இ. போன்ற விரைவு ரயில்களில் அது செல்லாது. ஆனால் எல்லை ஊர்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஒரே சீட்டு வெளிநாட்டு வாசல்வரை கொண்டுபோய் விடும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம்வரை அது செல்லும். சுவிஸ் மண்ணில் இருக்கும் ஜெர்மானிய நிலையமான பாசெல் பாடிஷர் பான்ஹோஃப்வரை செல்லும். கேல் என்ற ஊரில் இறங்கினால், 2017-இல் ரைன் நதியைத் தாண்டி வந்த ஸ்ட்ராஸ்பர்க் டிராம் வண்டி நம்மைப் பிரான்சுக்குள் சேர்க்கும். ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பி ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தைப் பார்த்துவிட்டு இரவு உணவுக்கு அறைக்குத் திரும்பியதற்கு, டிராம் சீட்டுக்கு மேல் எனக்கு ஒரு காசும் செலவாகவில்லை. அருகில் இருப்பதை இப்படி ஆற அமரப் பார்ப்பது தங்கிப் படிக்கிறவருக்கு மட்டுமே வாய்ப்பது. ஒரே வார இறுதியில் மூன்று தலைநகரங்களுக்கு ஓடுகிறவர்கள் அதை இழக்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

தாமதம் ஏற்பட்டால் கிடைக்கும் உரிமையிலும் மூன்றுக்கும் வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 50 விழுக்காடும் திரும்பக் கேட்கலாம். விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டர்வரையான தூரத்துக்கு 250 யூரோ இழப்பீடு உண்டு. மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு அது கிடைக்காது. பேருந்தில் பாதுகாப்பு இவ்வளவு இல்லை. புறப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பணத்தைத் திரும்பப் பெறலாம் அல்லது மாற்று வண்டியில் போகலாம், அவ்வளவுதான்.

ஆகவே என் பரிந்துரை இது. வார இறுதிகளை வட்டார ரயிலுக்குக் கொடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெயிலைத் தேடித் தெற்கு ஓரத்துக்கு ஒரு விமானப் பயணம் வைத்துக்கொள்ளலாம். பேருந்தை, வேறு வழியே இல்லாத இரவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஏழு நாள் பாஸை மார்ச்சுக்கு வாங்கி, அதன் நாட்களைச் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற விலை கூடிய நாடுகளில் மட்டும் செலவழியுங்கள். இரவு ரயில் ஒன்றையும் இடையில் சேர்க்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு வண்டி மாறாத வரையில், புறப்பட்ட நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கில் வரும், படுக்கைக்கு மட்டும் தனியே பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரயிலில் ஏறும் முன்பும் அந்தப் பயணத்தைப் பாஸுக்கான கைப்பேசிச் செயலியில் பதிந்துவிடுங்கள். நடத்துநர் கேட்பது அதைத்தான்.