காலாவதியான டொமைனை மீட்டுத் தரும் சேவைகள்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

புதுப்பிக்கத் தவறிய ஒரு .காம் பெயரைத் திரும்பப் பெற நான்கு வழிகள் விற்பனைக்கு இருக்கின்றன. பெயரைப் பதிந்து தந்த பழைய ரெஜிஸ்ட்ராரிடமே (டொமைன் பதியும் நிறுவனம்) சாதாரண ரினியூவல், அதே ரெஜிஸ்ட்ராரிடம் ரிடெம்ப்ஷன் (மீட்பு) கட்டணத்தோடு ரினியூவல், ஏலம், பெயர் அழிந்து விழும் நொடியில் பிடித்துத் தரும் டிராப்-கேட்ச் சேவை. முதல் வழியில் வரியோடு இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் வேலை முடியும். இரண்டாவது பத்தாயிரத்தைத் தொடும். மற்ற இரண்டுக்கும் நிலையான விலை கிடையாது. அந்தப் பெயர் இன்னொருவருக்கு எவ்வளவு தேவை என்பதுதான் விலை. எந்த வழி திறந்திருக்கும் என்பதைக் காலாவதியாகி எத்தனை நாள் ஆயிற்று என்பதே முடிவு செய்கிறது.

இணையத்தில் எங்கு தேடினாலும் ஒரு படம் கிடைக்கும்: காலாவதி, 45 நாள் வரை சலுகைக் காலம், 30 நாள் ரிடெம்ப்ஷன், 5 நாள் பெண்டிங் டிலீட் (அழிப்புக்குக் காத்திருப்பு), அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பதியலாம். கூட்டிப் பார்த்துவிட்டு எண்பது நாள் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர். யாருக்கும் வேண்டாத பெயருக்கு அந்தக் கணக்கு சரி. கொஞ்சமாவது மதிப்புள்ள பெயருக்குப் பெரும்பாலும் பாதி நாள்கூடக் கிடையாது.

காரணம் இதுதான். அந்த 45 நாள் நமக்கான சலுகை அல்ல. .காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம், காலாவதி நாளன்று பெயரைத் தானாகவே ஓராண்டு நீட்டி ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் பணம் பிடித்துக்கொள்ளும். 45 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் அதை அழித்தால் பணம் திரும்ப வரும். அந்த இடைவெளியில் நமக்கு எத்தனை நாள் விட்டுக்கொடுப்பது என்பது ரெஜிஸ்ட்ராரின் விருப்பம். படிக்காமலே 'ஏற்கிறேன்' என்று தட்டிய ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு பெயரை வேறொருவருக்கு விற்கும் உரிமையும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அப்படி விற்கும்போது பெயர் அழிவதே இல்லை. உரிமையாளர் விவரம் மட்டும் மாறுகிறது. அழியாத பெயருக்கு ரிடெம்ப்ஷன் காலமும் கிடையாது. தவணை தப்பிய நகையை வங்கி ஏலம் விடுவது போலத்தான். பத்திரிகையில் அறிவிப்புதான் வராது.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். டொமைன் விதிகளை வகுக்கும் உலக அமைப்பான ஐகானின் தேடல் பக்கம் இலவசம். .காம் போன்ற பொது டொமைன்களுக்கு 2025 ஜனவரி 28 முதல், பதிவு விவரம் காட்டும் பழைய முறையான ஹூஇஸ் கட்டாயமில்லை, அதன் இடத்தில் ஆர்டாப் என்ற புதிய முறை வந்துவிட்டது. இந்தப் பக்கம் அதைத்தான் காட்டும். இங்கே எல்லோரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. காலாவதியான மறுநாள் பார்த்தால் ரெஜிஸ்ட்ரி (வெரிசைன் பதிவேடு) தேதி அடுத்த ஆண்டைக் காட்டும். 'யாரோ புதுப்பித்துவிட்டார்கள்' என்று மூடிவிடக் கூடாது. மேலே சொன்ன தானியங்கி நீட்டிப்புதான் அது. ரெஜிஸ்ட்ரார் தரப்புக் காலாவதித் தேதி தனியாக இருக்கும், அதுதான் கணக்கு.

நிலைக் குறியீடுகளில் 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்றிருந்தால் ரெஜிஸ்ட்ராரிடம் பேசலாம். 'கிளையன்ட் ஹோல்ட்' என்றால் தளமும் மெயிலும் நின்றிருக்கும், ஆனால் பெயர் இன்னும் போகவில்லை. 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்றால் பழைய ரெஜிஸ்ட்ரார் மூலமாக மட்டுமே மீட்க முடியும்; வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவும் முடியாது. 'பெண்டிங் டிலீட்' என்று வந்துவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அந்த ஐந்து நாளில் 'பணம் கட்டுங்கள், மீட்டுத் தருகிறோம்' என்று வரும் மெயில் மோசடி, சந்தேகமே வேண்டாம்.

பெயர் ஏற்கெனவே கைமாறிவிட்டதா என்பதற்குப் பதிவுத் தொடக்கத் தேதியைப் பாருங்கள். பழைய ஆண்டே இருந்து, நேம்சர்வரும் (பெயரைத் தேடுபவருக்குத் தளத்தின் முகவரி சொல்லும் கணினி) ரெஜிஸ்ட்ராரும் மாறியிருந்தால் ஏலத்தில் போயிருக்க வாய்ப்பு அதிகம். தொடக்கத் தேதியே புதிதாக இருந்தால் அழிந்த பிறகு யாரோ பிடித்திருக்கிறார்கள்.

ரெஜிஸ்ட்ரார்களுக்குக் கடிவாளமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2013 ஆகஸ்ட் 31 முதல் நடப்பில் உள்ள ஐகான் விதிப்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்து ஐந்து நாளுக்குள் ஒன்று என மூன்று நினைவூட்டல்கள் அனுப்பியாக வேண்டும். ரினியூவல், ரிடெம்ப்ஷன் கட்டணங்களைத் தளத்தில் வெளியிட வேண்டும். பெயரை அழிக்கும் முன், இன்னும் புதுப்பிக்க முடிகிற காலத்தின் கடைசி எட்டு நாளாவது தளம் இயங்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். உரிமையாளருக்கு உறைக்கட்டும் என்பதற்காக.

நடைமுறையில் இவை வழுக்கும் இடங்கள் இரண்டு. பதிவில் கொடுத்த மெயில் முகவரி அதே டொமைனில் இருந்தால், டொமைன் நின்றதும் மெயிலும் நிற்கும். மூன்றாவது நினைவூட்டல் வராது. ரெஜிஸ்ட்ரார் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் வராது. அடையாள ஆவணம் அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, கணக்கு கைக்கு வருவதற்குள் விலை அடுத்த படிக்கு ஏறியிருக்கும். இரண்டாவது, ஆட்டோ ரினியூ. கார்டில் தானாகப் பணம் எடுக்க முன் அனுமதி கேட்கும் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி 2021 அக்டோபரில் வந்த பிறகு, அந்த முறையில் சேராத வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கார்டில் தானாகப் பணம் எடுக்க முடிவதில்லை. ஆட்டோ ரினியூ பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், அன்றைக்குப் பணம் போகாது. வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராராக இருந்தால் முன்கூட்டியே பணத்தைக் கணக்கில் போட்டு வைப்பது அல்லது பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டுவதுதான் வழி; .காம் பெயரை அதிகபட்சம் பத்தாண்டு வரை நீட்டலாம். மறதி சின்ன ஆட்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம்: 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், ஹாட்மெயில் லாகினுக்குப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காமுக்கு 35 டாலர் கட்ட மறந்து, ஹாட்மெயில் தடுமாறியது, பணத்தைக் கட்டியது வெளியாள் ஒருவர்.

இனி சேவைகள். கோடாடி என்ற ரெஜிஸ்ட்ராரில் நல்லது, இந்தியாவில் போனில் ஆள் கிடைப்பதும் யூபிஐ இருப்பதும். முதல் சில வாரம் சாதாரண விலைக்கே புதுப்பிக்கலாம், பிறகு ரிடெம்ப்ஷன் கட்டணம் சேரும். நெடுங்காலமாக அது 80 டாலர். நான்காவது, ஐந்தாவது வார வாக்கில் பெயர் அவர்களுடைய சொந்த ஏலச் சந்தைக்குப் போய்விடும். ஏலம் ஓடும்போதும் பழைய உரிமையாளர் பணம் கட்டி மீட்க வழி உண்டு; ஆகவே ஏலப் பக்கத்தில் உங்கள் பெயரைக் கண்டால் அங்கே விலை கேட்காதீர்கள், உடனே கணக்கில் நுழைந்து ரினியூ பொத்தானைத் தேடுங்கள், இல்லாவிட்டால் போன் போடுங்கள். தன் பெயரைத் தானே ஏலத்தில் ஏற்றிவிட்ட வேடிக்கை இந்தத் தொழிலில் புதிதல்ல.

ரிடெம்ப்ஷன் கட்டணம் பற்றி ஒரு விவரம். உண்மையான ரிடெம்ப்ஷன் கட்டத்தில் வெரிசைன் ரெஜிஸ்ட்ராரிடம் வாங்குவது 40 டாலர். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ரெஜிஸ்ட்ராரின் பங்கு. ஆர்டாப் இன்னும் 'ஆட்டோ ரினியூ' என்று காட்டும்போதே ரிடெம்ப்ஷன் கட்டணம் கேட்டால், அந்த 40 டாலர்கூட அவர்கள் யாருக்கும் கட்டவில்லை. அதைச் சுட்டிக்காட்டிக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. சட்டப்படி அவர்கள் இறங்கி வரத் தேவையில்லை, ஆனால் பழைய வாடிக்கையாளர் என்றால் சில இடங்களில் இறங்குகிறார்கள்.

கிளவுட்ஃப்ளேர் என்ற ரெஜிஸ்ட்ரார் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே விற்கிறது. வெரிசைன் ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது, அதோடு ஐகான் கட்டணம் சில சென்ட். விலையில் இதை யாரும் வெல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய நேம்சர்வரையே வைத்துக்கொள்ள வேண்டும், அவசரத்துக்குப் போனில் பேச ஆளில்லை. தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு உகந்தது. மளிகைக் கடைக்காரர் தன் தளத்துக்கு இதைத் தேடிப் போக வேண்டாம்.

நம் ஊரில் அதிகம் சிக்குவது இவை எதுவுமல்ல, ரெஜிஸ்ட்ராருக்கும் நமக்கும் இடையில் நின்று விற்கும் ரீசெல்லர். தளம் செய்து கொடுத்தவரே டொமைனையும் தன் கணக்கில், பல நேரம் தன் பெயரிலேயே பதிந்திருப்பார். அவர் போனை எடுக்காதபோது ஆர்டாப்பில் ரெஜிஸ்ட்ரார் பெயரைப் பாருங்கள். பப்ளிக் டொமைன் ரெஜிஸ்ட்ரி என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ரீசெல்லர்கிளப், பிக்ராக் வழியாகப் போன பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். ரீசெல்லர் செய்வதற்கும் ஐகான் ஒப்பந்தப்படி ரெஜிஸ்ட்ராரே பொறுப்பு. உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனப் பெயரோ இருந்தால் ஜிஎஸ்டி சான்றிதழ், பழைய ரசீது, அடையாள அட்டையோடு நேரடியாக எழுதலாம், வேலை நடக்கும். அந்த இடத்தில் டிசைனர் பெயர் இருந்தால் ரெஜிஸ்ட்ரார் கையை விரிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது.

டிராப்-கேட்ச் சேவைகளுக்கு வருவோம். .காம் பெயர்கள் அழிவது தினமும் கிழக்கு அமெரிக்க நேரம் பிற்பகல் 2 மணி வாக்கில் தொடங்கும்; நமக்கு இரவு பதினொன்றரை, அங்கே குளிர்காலமென்றால் பன்னிரண்டரை. கண்விழித்துக் கையால் பதிந்துவிடலாம் என்பது வீண். ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராருக்கும் வெரிசைன் தரும் இணைப்புகளுக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்ட டிராப்கேட்ச் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான ரெஜிஸ்ட்ரார் உரிமங்களைக் குவித்து வைத்திருக்கிறது, பெரும்பாலானவை காகிதக் கம்பெனிகள். நல்ல பெயர் நொடிக்கும் குறைவான நேரத்தில் போய்விடும்.

டிராப்கேட்சில் அடிப்படை விலை 59 டாலர் என்ற அளவில் இருந்து வருகிறது. நீங்கள் ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் அதோடு முடியும். இருவர் கேட்டால் மூன்று நாள் ஏலம். இதே வேலையைச் செய்யும் ஸ்னாப்நேம்ஸ், நேம்ஜெட் இரண்டும் பெயர் பிடிபட்டால் மட்டுமே பணம் எடுப்பவை. அதனால் மூன்றிலும் பதிந்து வைப்பதில் நட்டமில்லை. முன்பணம் கேட்கும் பேக்ஆர்டர் (முன்பதிவு) சேவைகளை இந்த வேலைக்குத் தவிர்க்கலாம். பெயர் பெண்டிங் டிலீட்டில் இருக்கும்போது பொதுவெளியில் 'என் டொமைன் போகிறதே' என்று புலம்புவது போட்டியாளரை அழைப்பதாகும்.

யாரும் பிடிக்காமல் விழும் பெயர்களும் நிறைய. நீளமான, ஊர்ப்பெயரும் கடைப்பெயரும் சேர்ந்த பெயர் என்றால் மறுநாள் காலை சாதாரண விலைக்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். அதற்கு 59 டாலர் செலவழிப்பதைவிடக் காத்திருக்கலாம். ஐந்தாறு எழுத்துப் பெயர், அகராதிச் சொல், நிறைய இணைப்புகள் உள்ள பழைய தளம் என்றால் காத்திருப்பது தற்கொலை.

.இன் பெயர்களைப் பதிவேட்டில் வைத்திருப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அங்கேயும் 30 நாள் ரிடெம்ப்ஷன், 5 நாள் பெண்டிங் டிலீட் உண்டு, ஆனால் ஐகானின் நினைவூட்டல் விதி நாட்டு டொமைன்களைக் கட்டாது. இலங்கையின் .எல்கே பெயருக்கும் அப்படியே, எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியின் விதிதான் விதி. நினைவூட்டல் வரவில்லை என்று ஐகானிடம் புகார் செய்து பயனில்லை.

பெயர் ஹியூஜ்டொமைன்ஸ் என்ற டொமைன் வியாபாரியின் விற்பனைப் பக்கத்தில் வந்து நின்றால் வழி சுருங்கிவிட்டது. டிராப்கேட்சும் அதுவும் ஒரே குழுமம். கேட்கும் விலை சாதாரணமாகவே ஆயிரக்கணக்கான டாலர். புரோக்கர் சேவைகள் முன்பணமும், வாங்கினால் கமிஷனும் எடுக்கும். விலை வெளிப்படையாக ஒட்டியிருக்கும் பெயருக்கு அவர்கள் எதற்கு? நேரடியாகவே கேளுங்கள், பணத்தை எஸ்க்ரோ (பெயர் கைக்கு வரும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் நடுநிலைச் சேவை) மூலம் மட்டும் அனுப்புங்கள். வழக்கு என்று இறங்கினால், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவருக்கான கட்டணம் மட்டும் 1,500 டாலர், .இன் என்றால் நிக்ஸியின் தனி முறை. வைப்போ முறையில் உங்களுக்கு வர்த்தகமுத்திரை இருப்பதையும், இப்போது வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை என்பதையும், கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்பதையும் காட்ட வேண்டும். 'மறந்துவிட்டேன், என் பெயர்' என்பது வாதமே ஆகாது. முத்திரை பதியாத கடைப்பெயருக்கு இந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

மீட்ட பிறகு தளம் தானாக வந்துவிடாது. பல ரெஜிஸ்ட்ரார்கள் நேம்சர்வரைத் தங்கள் விளம்பரப் பக்கத்துக்கு மாற்றியிருப்பார்கள், அதை முதலில் திருப்புங்கள். பெயரைத் தளத்தோடும் மெயிலோடும் இணைக்கும் டிஎன்எஸ் பதிவுகள் அழிந்திருந்தால் எம்எக்ஸ் (மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும்), எஸ்பிஎஃப் (யார் அனுப்பலாம்) இரண்டையும் மறுபடி எழுதாமல் மெயில் சரியாக ஓடாது. இடையில் வேறொருவர் கையில் இருந்திருந்தால், அந்த மெயில் முகவரிகளில் பதிந்த வங்கி, சமூக வலைத்தளக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றுங்கள்.

கோபத்தில் உடனே வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றவும் வேண்டாம். காலாவதிக்குப் பின் புதுப்பித்துவிட்டு, காலாவதி நாளிலிருந்து 45 நாளுக்குள் மாற்றினால், நீங்கள் பணம் கட்டிய அந்த ஓராண்டை ரெஜிஸ்ட்ரி ரத்து செய்துவிடும்; புதிய இடத்தில் கட்டும் ஓராண்டு மட்டுமே நிற்கும். பழைய ரெஜிஸ்ட்ரார் அந்தப் பணத்தைத் தானாகத் திருப்பித் தருவது அரிது. 46-வது நாள் மாற்றுங்கள்.