உச்சிப்புளி பக்கம் ஒரு குழாயடிச் சண்டை

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். 22 தீர்த்தமும் ஆடியாயிற்று, புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் போவதையும் பார்த்தாயிற்று. ஆனால் ஓஸ்லோவுக்குத் திரும்பி வந்து யார் "ஊர் எப்படி?" என்று கேட்டாலும் வாயில் முதலில் வருவது சார்ஜர் சண்டைதான்.

மச்சான் புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறார். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். அரிச்சல்முனை வரை போகவேண்டும் என்று அக்கா பிடிவாதம். சரி, உச்சிப்புளி பக்கம் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். அங்கே சார்ஜரில் இரண்டு கன், அதாவது காரில் சொருகும் கைப்பிடி. அதில் ஒன்று காலி என்று ஆப் சொன்னது.

காலிதான். ஆனால் அதன் முன்னால் ஒரு டீசல் வேன். டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். "இங்க மட்டும்தான் சார் நிழலு" என்றார். நார்வேயில் இப்படி நிறுத்தினால் அபராதச் சீட்டுதான். இங்கே சுற்றிப் பார்த்தால் சீமைக் கருவேலமும் வெயிலும். அந்தத் தகரக் கூரையை விட்டால் ஒதுங்க இடமில்லை. அவர் மேல் கோபம்கூட வரவில்லை. பாவம், எழுந்து வண்டியை எடுத்துவிட்டார்.

நாங்கள் கன்னைச் சொருகி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்துக் காரின் சொந்தக்காரர் சாப்பிட்ட கையோடு வந்தார். அவருடையது 87 சதவீதம். "நீங்க சொருகினதும் என் ஸ்பீடு கொறஞ்சு போச்சு, கழட்டுங்க."

அது 60 கிலோவாட் மெஷின். இரண்டு வண்டி நின்றால் ஆளுக்கு 30 என்று பிரித்துக் கொடுக்கும். அதுவும் போக, எண்பதைத் தாண்டினால் பேட்டரி தானாகவே மெதுவாகத்தான் வாங்கும். நாங்கள் கழட்டினாலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஏறியிருக்காது. 2024இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு 89 எலெக்ட்ரிக். ஈஸ்டர் லீவில் மலைக்குப் போகிற வழியெல்லாம் சார்ஜருக்கு வரிசை நிற்கும். ஆள் காத்திருந்தால் எண்பதில் எடுத்துவிடுவதுதான் அங்கே மரியாதை. இதை நான் விளக்க ஆரம்பித்தது தப்பு.

"வெளிநாட்டுக் கதையெல்லாம் வேணாம் பாஸ். காசு கட்டியிருக்கேன், நூறு ஆகாம எடுக்கமாட்டேன்."

"மாப்ள, நீ சும்மா இரு" என்று மச்சான் இறங்கினார். குரல்கள் ஏறின. அந்த மனிதர் எங்கள் சார்ஜை நிறுத்துகிறேன் பேர்வழி என்று மெஷினில் இருந்த சிவப்புப் பொத்தானைக் குத்தினார். அது எமர்ஜென்சி பொத்தான். இரண்டு வண்டியும் நின்றது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் பாட்டு ஓடுகிறது. கொதிக்கிற வெயிலில் நாங்கள் எல்லோரும் இப்போது ஒரே கட்சி.

கடைசியில் வந்தவர் ஓட்டல் வாட்ச்மேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பொத்தானைத் திருகி வெளியே இழுத்தார், பின்னால் போய் மெயினை அணைத்துப் போட்டார். மெஷின் முனகிக்கொண்டே உயிர் பெற்றது. "தண்ணி லாரி வர்ற அன்னைக்கு எங்க தெருவுல இதத்தான் பாக்குறேன். அங்கயாச்சும் ஆளுக்கு ரெண்டு கொடம்னு கணக்கு இருக்கு" என்றார் அவர். நூறு கேட்டவர் அதற்கப்புறம் 91இல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெட்கமா, பாம்பனுக்கு நேரமாகிவிட்டதா, தெரியவில்லை.

திரும்பும்போது இருட்டியிருந்தது. அதே இடத்தில் நின்றோம். காலி கன்னுக்கு முன்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம், உள்ளே பாதி மணல். வாட்ச்மேன் வந்து எலெக்ட்ரிக் வண்டிக்குரிய பச்சை நம்பர் பிளேட்தானா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் குடத்தை நகர்த்தினார். இருபது ரூபாய் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எம்பதுல எடுத்துருங்க" என்றார்.