கிடப்பில் இருக்கும் விமான எஞ்சினை ஈரமின்றிக் காத்தல்: ஓசூரில் சில ஆண்டு அனுபவம்

விமானத்தைத் தாமே கட்டுபவருக்கு எஞ்சின் பெரும்பாலும் உரிய காலத்துக்கு வெகு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது. நல்ல நிலையில் ஒன்று கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும்போது அதை விட்டுவிட மனம் வராது. ஆனால் இறக்கையும் உடற்பகுதியும் முடிவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். ஓசூரை அடுத்த பெலகொண்டபள்ளி ஓடுபாதைக்குச் சற்றுத் தொலைவில், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றில் இரண்டு இருக்கை விமானம் கட்டிவரும் எனக்கும் இதே நிலைதான். என்னிடம் இருப்பது நான்கு சிலிண்டர் கொண்ட லைகமிங் ஓ-320. அதைத் துருவின்றிக் காக்க நான் செய்துள்ள ஏற்பாடு எவ்வளவு பயன்பட்டது, எங்கே போதாமல் போனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடலோரத்தில்தான் துரு பிடிக்கும், மேட்டு நிலமான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உப்புக்காற்று இல்லை என்பது உண்மையே. ஆனால் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இரவுக்கும் பகலுக்கும் இடையே வெப்பநிலை வெகுவாக மாறுகிறது, மழைக்காலமும் நீண்டது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட உலோகம் இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்துவிட்டு, காலையில் காற்று சூடேறும்போது அதே வேகத்தில் தானும் சூடாவதில்லை. வெளிக்காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே உலோகத்தின் வெப்பநிலை இருக்கும்வரை அதன் மேல் நீர் படிந்துகொண்டே இருக்கும். எஞ்சினின் உட்புறமும் இதற்கு விலக்கல்ல. இரவில் எஞ்சினின் அடிக்கூடான கிரேங்க்கேஸுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது, அதன் காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. பகலில் விரிந்து வெளியே தள்ளுகிறது. ஓடாத எஞ்சினும் இப்படி நாள்தோறும் மூச்சு விடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும்.

லைகமிங் எஞ்சினில் இந்த ஈரம் முதலில் தாக்கும் இடம், வால்வுகளைத் திறக்கும் முகடுகள் கொண்ட தண்டான கேம் ஷாஃப்ட். அது, பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிரேங்க் ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருப்பதால், எஞ்சின் நின்றதும் அதன் மீதுள்ள எண்ணெய் மெல்ல வடிந்து கீழே இறங்கிவிடுகிறது. கேமின் முகட்டிலும் அதைத் தொட்டு அசையும் டாப்பெட் என்னும் உறுப்பின் முகத்திலும் ஊசிமுனை அளவுக்குக் குழி விழுந்தாலே போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தக் குழியின் விளிம்பிலிருந்து உலோகம் செதிள் செதிளாக உதிர ஆரம்பிக்கும், கேமின் உயரம் தேயும், உதிர்ந்த துகள் எண்ணெயோடு எஞ்சின் முழுதும் சுற்றும். அதைச் சரிசெய்ய எஞ்சினை முழுமையாகப் பிரிக்க வேண்டும். இரும்பு சிலிண்டர் சுவரில் மெல்லிய துரு படிந்தால் ஓரளவுக்குத் தேய்த்துச் சீராக்கலாம்; கேமுக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை.

இவ்விடத்தில் இரண்டு பழக்கங்களை அழுத்தமாக மறுக்க விரும்புகிறேன். வாரத்துக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட்டால் எண்ணெய் எங்கும் பரவும் என்று சொல்வார்கள். நடப்பது நேர்மாறானது: மெதுவாகச் சுற்றும்போது கேமுக்குப் புதிய எண்ணெய் தெறிப்பதில்லை, அதன் மேல் எஞ்சியிருக்கும் படலத்தை டாப்பெட் துடைத்துவிடுகிறது. இரண்டாவது, தரையிலேயே சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துவது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் சேர்கிறது. எண்ணெய் போதிய அளவு சூடாகாவிட்டால் அந்த நீர் ஆவியாகி வெளியேறாது. எண்ணெய் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை சூடான நிலையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்றும், 30 நாட்களுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்றும் லைகமிங் நிறுவனமே கூறுகிறது. விமானம் முடியாத ஒருவரால் இது ஆகாத காரியம். ஆகவே எஞ்சினை ஓட்டாமலேயே வறட்சியாக வைப்பது ஒன்றுதான் வழி.

வழக்கமான பாதுகாப்புகளை முதலில் செய்தேன். ஏரோஷெல் ஃப்ளூயிட் 2எஃப் என்னும் காப்பு எண்ணெயை நிரப்பி, மேல் ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் தெளித்து, அதன் பிறகு கிரேங்கை அசைக்காமல் விட்டு, ‘சுற்றாதீர்கள்’ என்ற அட்டையைக் கட்டினேன். மேல் துளைகளில் சிலிக்கா ஜெல் நிரம்பிய உலர்த்திப் பிளக்குகள் போட்டேன். சிப்காட் அருகே லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 18 மில்லிமீட்டர் மரையில் அவற்றை அழகாகக் கடைந்து தந்தார். எஞ்சினை மூட, துருவைத் தடுக்கும் ஆவியை வெளியிடும் விசிஐ உறையைப் பயன்படுத்தினேன். வாகன உதிரிபாகங்களை ஏற்றுமதி செய்யும் ஓசூர்த் தொழிற்சாலைகள் அன்றாடம் கையாளும் பொருள் என்பதால் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இவை எல்லாம் தேவையானவையே. ஆனால் மழைக்காலத்தில் பிளக்குகளின் ஜெல் விரைவாக நிறம் மாறிக்கொண்டே இருந்தது. வெளிக்காற்று நுழையும் வழி இருக்கும்வரை சிறிதளவு ஜெல் அதனுடன் போட்டியிட முடியாது.

உண்மையான மாற்றத்தைத் தந்தது உலர்காற்றுச் சுற்றுதான். மீன்தொட்டிக்குப் போடும் சிறிய காற்றுப் பம்பு, சுமார் ஒரு கிலோ ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் நிரப்பிய உயரமான ஜாடி, நுண்வடிகட்டி, சில அடி குழாய் ஆகியவைதான் பொருட்கள். பம்பு தள்ளும் காற்று ஜெல்லின் வழியே ஏறி, வடிகட்டியைக் கடந்து, எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகக் கிரேங்க்கேஸுக்குள் நுழைகிறது; பிரீதர் வழியே வெளியேறி மீண்டும் பம்புக்கே திரும்புகிறது. இப்படி மூடிய சுற்றாக அமைத்தால் ஒவ்வொரு முறையும் புதிய ஈரக்காற்றை உலர்த்த வேண்டியதில்லை, ஜெல் பல மடங்கு நீடிக்கும். மீன்தொட்டிப் பம்பு தன் அடிப்பகுதி வழியே காற்றை இழுப்பதால், அதை ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பாவுக்குள் வைத்து, திரும்பும் குழாயை அந்த டப்பாவில் சேர்க்க வேண்டும். வடிகட்டியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக்கூடாது: ஜெல்லின் தூள் கடினமான உராய்பொருள், பேரிங்குக்குள் போனால் துருவைவிடக் கேடு செய்யும்.

ஈரப்பதமானியை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் நம்பகத்தன்மை அடங்கியிருக்கிறது. ஜெல்லை விட்டு வரும் காற்று எப்போதும் வறட்சியாகவே இருக்கும். அதை அளந்து மகிழ்வதில் பொருளில்லை. எஞ்சினை விட்டு வெளிவரும் காற்றை அளக்க வேண்டும். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருவேறும். 40-க்குக் கீழே அது மிகவும் மந்தமாகிவிடும். கொட்டகைக்குள் 90-ஐ நெருங்கும் ஐப்பசிக் காலையிலும் என் எஞ்சினின் வெளிவரு காற்று 20-ஐ ஒட்டியே நிற்கிறது. அது 30-ஐத் தொட்டால் ஜெல்லை மாற்றுகிறேன். ஈரமேறிக் கரும்பச்சையாகும் ஜெல்லைத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். அதற்கு மேல் சூடாக்கினால் ஜெல் கெடும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். எந்த நிறமானாலும், சமையலுக்குப் பயன்படும் அவனில் இதைச் செய்யாதீர்கள்.

இந்தச் சுற்றின் குறைகளையும் சொல்ல வேண்டும். காற்று கிரேங்க்கேஸைத்தான் உலர்த்துகிறது. பிஸ்டனுக்கு மேலுள்ள பகுதியை அது எட்டுவதில்லை. எனவே உலர்த்திப் பிளக்குகளும், எக்ஸாஸ்ட், இன்டேக் வாய்களில் ஜெல் பைகளும் அடைப்புகளும் தொடர்ந்து தேவை. அந்த அடைப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு: எங்கள் பக்கத்து மண்குளவி, திறந்த குழாய் எதைக் கண்டாலும் கூடு கட்டிவிடும். மின்வெட்டு பெரிய இடர் அல்ல, ஏனெனில் பம்புக்குச் சில வாட் மின்சாரமே போதும், வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்குகிறது. நின்றாலும் மூடிய சுற்றில் ஈரம் மெதுவாகவே ஏறுகிறது. கார்புரேட்டரை இந்த ஏற்பாடு காப்பதில்லை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை ஈர்க்கும். மிதவைக் கிண்ணத்தில் ஒரு துளியும் விடாமல் வடித்துவிட வேண்டும்.

பலன் என்னவென்று ஊகிக்க வேண்டிய நிலை எனக்கு இல்லை. ஒரு சிலிண்டரின் அடிவளையத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்ததால், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் முன்னிலையில் அதைக் கழற்றினோம். அந்தத் திறப்பின் வழியே தெரிந்த கேம் முகடுகளும் டாப்பெட் முகங்களும் பளபளப்பாக இருந்தன. விரல் நகத்தால் தடவிப் பார்த்தும் ஒரு சிறு குழியும் தட்டுப்படவில்லை. சிலிண்டர் சுவரில் எண்ணெய் தங்குவதற்காக இழைக்கப்பட்ட குறுக்குக் கோடுகள் தெளிவாக இருந்தன. இதே ஊரில், உறை மட்டும் போட்டு ஏறக்குறைய அதே காலம் வைக்கப்பட்டிருந்த வேறொரு எஞ்சினின் கேமையும் பார்த்திருக்கிறேன். அதை மாற்றும் செலவு என் ஏற்பாட்டின் செலவைப் போலப் பல மடங்கு.

இதைச் செய்ய எண்ணுபவர்கள், எந்தத் துளையில் எத்தனை பைகளும் அடைப்புகளும் வைத்தார்கள் என்பதை எழுதி எஞ்சினிலேயே கட்டிவிட வேண்டும். முதன்முறை ஓட்டும் முன் அந்தப் பட்டியலின்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்து, காப்பு எண்ணெயை வடித்து, ஸ்பார்க் பிளக்குகள் இல்லாத நிலையில் ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுவதைக் கண்ட பிறகே பிளக்குகளைப் பூட்டுங்கள்.