வெண்டைத் தேமலுக்கு எலைசாவா, பிசிஆரா?

காய்கறிப் பயிர்களின் வைரஸ் நோய்களுக்கென ஆய்வகம் தொடங்குகிறவர்கள், வைரஸின் புரதத்தை ஆன்டிபாடி (அதோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதம்) கொண்டு தேடும் எலைசா கருவியை முதலில் வாங்குவதா, வைரஸின் டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் கருவியை வாங்குவதா என்று கேட்பதுண்டு. வெண்டை மஞ்சள் நரம்புத் தேமலும் தக்காளி இலைச்சுருட்டையுமே எங்களிடம் மிகுதியாக வருவதால் நாங்கள் பிசிஆரைத் தேர்ந்தெடுத்தோம். அது சரியான முடிவென்றே இன்றும் கருதுகிறேன்.

எலைசாவின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. 96 குழிகள் கொண்ட ஒரே தட்டில் பல மாதிரிகளைப் பார்த்துவிடலாம், இலையை அரைத்த சாறே போதும், செலவும் குறைவு.

ஆனால், எலைசா தேடுவது வைரஸின் உறைப்புரதத்தை, அதாவது அதன் மரபணுவைச் சுற்றியுள்ள புரதத்தை, மட்டுமே. வெள்ளை ஈ பரப்பும் பெகோமோவைரஸ்களின் உறைப்புரதங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருப்பதால், ஒரே ஆன்டிபாடி பல இனங்களோடும் ஒட்டிக்கொள்கிறது. குழி மஞ்சளாக மாறினால் இக்குழுவைச் சேர்ந்த ஏதோ ஒரு வைரஸ் இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, எது என்று சொல்ல முடியாது. வெண்டையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வைரஸின் மரபணுத்தொகுதியான டிஎன்ஏ-ஏ மட்டும் செலுத்தப்பட்ட செடிகளில் இலேசான இலைச்சுருளே தோன்றியது என்றும், சுமார் 1,350 நியூக்ளியோடைடு (டிஎன்ஏவின் எழுத்து போன்ற அலகு) நீளமுள்ள பீட்டாசாட்டிலைட் (வைரஸைச் சார்ந்து பெருகும் சிறு டிஎன்ஏ வட்டம்) உடன் சேர்ந்தபோதுதான் நரம்புகள் மஞ்சளாகும் உண்மையான நோய் வந்தது என்றும் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். அந்தப் பீட்டாசாட்டிலைட்டுக்குச் சொந்த உறைப்புரதம் கிடையாது. ஆகவே, நோயை முழுமையாக்கும் கூறு எலைசாவின் பார்வைக்கு வருவதே இல்லை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு காரணம்தான்.

பிசிஆரில் அதற்கென்றே உள்ள பொதுப் பிரைமர்களை (பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு பீட்டாசாட்டிலைட்டைத் தனியே பெருக்கிப் பார்க்கலாம். பெகோமோவைரஸ் பொதுப் பிரைமர்கள் தரும் துண்டின் வரிசையைப் படித்தால் எந்த வைரஸ் என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும். ஆயினும், இந்த வைரஸ்கள் தமக்குள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், ஒரு துண்டை வைத்து இனத்தின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. சுமார் 2,700 நியூக்ளியோடைடு நீளமுள்ள டிஎன்ஏ-ஏ முழுவதையும் படித்து, அறியப்பட்ட இனங்களோடு 91 விழுக்காடு ஒற்றுமை என்னும் எல்லையை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வட்ட வடிவ டிஎன்ஏவை ஃபை29 நொதியால் பெருக்கி, வெட்டு நொதியால் ஒரு முழு வட்டத்தின் நீளமுள்ள துண்டுகளாக நறுக்கிப் படிப்பது இதற்கு நல்ல வழி. வைரஸ் எதுவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிசிஆருக்கு உழைப்பு கூடுதல் என்பதை மறைக்க விரும்பவில்லை. வெண்டை இலையை உரலில் அரைத்தால் சாறு நூல்போல் இழுபடும். அந்த வழுவழுப்பு டிஎன்ஏவோடு சேர்ந்து இறங்கிவிட்டால், வைரஸ் இருந்தும், டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் பட்டை தெரியாமல் போகும். அதனால், நன்கு முதிர்ந்த இலையைத் தவிர்த்து நுனிக்கு அருகிலுள்ள இளம் இலையையே கேட்டு வாங்குகிறோம். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடாப் கரைசலோடு, இலையின் பீனால் சேர்மங்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்க்கிறோம். மாசு புகுந்தால் நோயற்ற செடியும் நோயுற்றதாகத் தெரியும் என்பதால், வெறும் தண்ணீர் வைத்த குழாய் ஒன்று இல்லாமல் எந்தச் சோதனையையும் நடத்துவதில்லை.

இலைப்பேன் பரப்பும் நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் தக்காளியைத் தாக்கும்போது நிலைமை வேறு. அந்த மாதிரிகளில் எங்கள் அனுபவமும் குறைவு. அது ஆர்என்ஏ வைரஸ். வெயிலில் வாடி வந்த இலையில் ஆர்என்ஏ விரைவில் சிதைந்துவிடும், புரதம் அதைவிடத் தாங்கும். ஆகையால், அங்கே எலைசாவை முதல் சல்லடையாக வைத்துக்கொள்வதே பொருத்தம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். தர்பூசணி மொட்டுக் கருகல் வைரஸும் அதே ஆன்டிபாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால், வைரஸ் உண்டு என்று காட்டும் மாதிரிகளை மட்டும், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கும் ஆர்டி-பிசிஆருக்கு அனுப்பினால் போதும்.